காலையில் கிளம்பியதும் நின்றுபோகும் கார்

சாவியைத் திருப்பியதும் எஞ்சின் உடனே பற்றிக்கொள்கிறது. சில நொடிகள் ஓடுகிறது. பிறகு எஞ்சின் வேகத்தைக் காட்டும் முள் கீழே இறங்கி, வண்டி ஒரு குலுக்கலோடு நின்றுவிடுகிறது. மறுபடி செல்ஃப் அடித்து, லேசாக ரேஸ் கொடுத்துப் பிடித்துக்கொண்டால் நிலைக்கிறது, அதன்பின் அன்று இரவு வரை எந்தத் தொல்லையும் இல்லை. பெட்ரோல் கார் வைத்திருப்பவர்கள் பலருக்குத் தெரிந்த கோளாறுதான் இது. ஆனால் குமரி மாவட்டத்தில் இதைக் 'குளிர்ந்த எஞ்சின் கோளாறு' என்று சொன்னால், இங்கே எங்கே குளிர் இருக்கிறது என்று கேட்டுச் சிரிக்கிறார்கள். அந்தக் கேள்வியை முதலில் தீர்த்துக்கொள்ளாமல் இந்தக் கோளாறைத் தேடப் புகுந்தால் பணம்தான் கரையும்.

எஞ்சின் வேலை செய்வதற்கு ஏற்ற சூடு ஏறத்தாழ 85 முதல் 95 டிகிரி செல்சியஸ். நாகர்கோவிலில் மார்கழி அதிகாலையிலும் 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம் என்பது உண்மையே. ஆனால் 23 டிகிரியில் இரவெல்லாம் நின்ற எஞ்சின், தன் வேலைச் சூட்டிலிருந்து அறுபது டிகிரிக்கு மேல் கீழே கிடக்கிறது. பெட்ரோல் என்பது பல ஹைட்ரோகார்பன்களின் கலவை. குளிர்ந்த உலோகத்தில் பட்டதும் அதன் லேசான பகுதி மட்டுமே ஆவியாகி எரியக் கிடைக்கிறது. கனமான பகுதி வால்வின் முதுகிலும் காற்று செல்லும் வழியின் சுவரிலும் ஈரப் படலமாக ஒட்டிக்கொள்கிறது. எடைக் கணக்கில் 14.7 பங்கு காற்றுக்கு ஒரு பங்கு பெட்ரோல் என்ற சரியான விகிதத்தில் ஊற்றினாலும் சிலிண்டருக்குள் எரிவதற்குப் போதாமல் போவது இதனால்தான். ஆகவே முதல் சில நிமிடங்களுக்கு எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர் கூடுதலாகப் பெட்ரோல் தெளிக்கிறது. ஆயில் கெட்டியாக இருந்து உராய்வும் கூடுதலாக இருப்பதால், சூடான பிறகு நிமிடத்துக்கு 700, 800 சுற்றில் நிற்கும் ஐடிலிங்கை (ஆக்சிலரேட்டரை மிதிக்காதபோது எஞ்சின் ஓடும் வேகத்தை) அப்போது 1,200-க்கு மேலே ஏற்றி வைக்கிறது. இவ்விரண்டையும் எவ்வளவு செய்ய வேண்டும் என்பதை அது முடிவு செய்வது, எஞ்சினைக் குளிர்விக்கும் திரவத்தின் சூட்டை அளக்கும் கூலன்ட் டெம்பரேச்சர் சென்சார் சொல்லும் சூட்டை நம்பித்தான்.

கலவை சரியாக எரிந்ததா என்று பார்த்துத் திருத்தச் சொல்லும் ஆக்சிஜன் சென்சார், சுமார் 300 டிகிரி சூடேறும் வரை வேலைக்கு வராது. அதுவரை, உப்புப் பார்க்காமல் கைப்பழக்கத்தை மட்டும் நம்பிக் குழம்பை இறக்குவதுபோல, கம்ப்யூட்டர் தன்னிடமுள்ள அட்டவணையை வைத்தே ஓட்டுகிறது. சூடான எஞ்சினில் மறைந்துபோகும் சிறு குறைகளெல்லாம் அந்த முதல் ஒரு நிமிடத்தில் வெளியே தெரிவதற்கும், வண்டியை ஒர்க் ஷாப்புக்கு ஓட்டிக்கொண்டு போனதும் அவை காணாமல் போவதற்கும் இதுவே காரணம். திருவட்டாரிலிருந்து மார்த்தாண்டம் போய்ச் சேர்வதற்குள் எஞ்சின் முழுச் சூட்டுக்கு வந்துவிடும். அங்கே மெக்கானிக் பார்ப்பது நல்ல வண்டியை. பிளக்கை மாற்றிப் பார்ப்போம், ஃபில்டரை மாற்றிப் பார்ப்போம் என்று ஒவ்வொன்றாகக் கழற்றுவதற்கு வழி பிறப்பது இந்த இடத்தில்தான்.

எனவே வண்டி எப்போது, எப்படி நிற்கிறது என்பதை உரிமையாளரே கவனித்துச் சொல்ல வேண்டும் என்பது என் கருத்து. எந்தப் பொருளை மாற்றலாம் என்பதைவிட இந்தத் தகவல் மதிப்புடையது. பற்றிய இரண்டு நொடிக்குள் ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி நின்று, டேஷ்போர்டில் சாவிப் படம் போட்ட விளக்கு மின்னினால், அது பெட்ரோல் கோளாறே அல்ல. திருட்டுத் தடுப்புக் கருவியான இம்மொபிலைசர் சாவியை அடையாளம் கண்டுகொள்ளாமல் தடுக்கிறது. நன்றாக ஏறி, ஐந்து பத்து நொடியில் மெல்ல இறங்கி நின்றால் கலவையையோ ஐடிலிங் காற்றையோ சந்தேகிக்க வேண்டும். அப்போது ஆக்சிலரேட்டரை மிக லேசாக மிதித்துப் பாருங்கள். மிதித்ததும் நிலைத்தால் பெரும்பாலும் காற்று குறைகிறது. மிதித்ததும் இருமி, இன்னும் மோசமாக விழுந்தால் பெரும்பாலும் பெட்ரோல் குறைகிறது. பின்னால் கரும்புகையும் பெட்ரோல் நாற்றமும் வந்தால் நேர்மாறாகப் பெட்ரோல் மிகுதியாகப் போகிறது. பற்றுவதற்கே நீண்ட நேரம் செல்ஃப் அடிக்க வேண்டியிருந்தால், இரவில் பெட்ரோல் லைனில் அழுத்தம் வடிந்துபோகிறதா என்று பார்க்கலாம்: சாவியை 'ஆன்' நிலைக்குத் திருப்பிப் பின்சீட்டுப் பக்கம் பம்பின் முனகல் அடங்கும் வரை காத்திருந்து, அணைத்து, அதையே மீண்டும் சில தடவை செய்துவிட்டு ஸ்டார்ட் செய்தால் உடனே பற்றுகிறது என்றால், சந்தேகம் பெட்ரோல் திரும்பி வடியாமல் தடுக்கும், பம்பிலுள்ள செக் வால்வின்மேல் விழுகிறது.

எங்கள் வண்டி பிஎஸ் 4 மாசுக் கட்டுப்பாட்டு விதி காலத்துச் சிறிய பெட்ரோல் கார். மழைக்காலம் தொடங்கியதிலிருந்து மேலே சொன்ன இரண்டாவது வகையில் நின்றது. லேசாக மிதித்தால் சில நாள் நிலைத்தது, சில நாள் இருமியது. மார்த்தாண்டத்தில் நாங்கள் வழக்கமாகப் போகும் மெக்கானிக் அண்ணன் விவரத்தைக் கேட்டுவிட்டு, பானெட்டைக்கூடத் திறக்காமல், "வண்டிய ராத்திரி இங்க போட்டுட்டுப் போங்க சார், காலையில நான் வந்து பாக்கதுக்கு முன்னாடி யாரும் சாவி போடக் கூடாது" என்றார். நான் கேட்ட ஆலோசனைகளில் இதைவிடச் சிறந்தது வேறில்லை.

மறுநாள் அவர் ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே, சாவியை 'ஆன்' நிலையில் மட்டும் வைத்து, வண்டிக் கம்ப்யூட்டரின் தகவலைப் படிக்கும் ஸ்கேனரில் இரண்டு எண்களைப் பார்த்தார். இரவெல்லாம் நின்ற வண்டியில் உள்ளிழுக்கும் காற்றின் சூடும் கூலன்ட்டின் சூடும் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருக்க வேண்டும். இரண்டும் ஒரே முற்றத்தில் கிடந்தவை. எங்கள் வண்டியில் காற்று 25 என்றும் கூலன்ட் 58 என்றும் காட்டியது. எஞ்சின் ஏற்கெனவே பாதி சூடாகிவிட்டது என்று நம்பிய கம்ப்யூட்டர், அதற்கேற்றபடி பெட்ரோலையும் ஐடிலிங்கையும் குறைத்துக் கொடுத்திருக்கிறது. 58 என்பது நடக்கக்கூடிய சூடுதான் என்பதால் கம்ப்யூட்டர் எந்தப் பிழைக் குறியீட்டையும் பதிவு செய்யவில்லை, செக் எஞ்சின் விளக்கும் எரியவில்லை. விளக்கு எரியவில்லை, ஆகவே சென்சார்கள் நலம் என்று முடிவு கட்டுவது தவறு என்பதை அந்த இரண்டு எண்கள் காட்டிவிட்டன.

பழுது சென்சாரிலா வயரிங்கிலா என்பதையும் அவர் பிரித்துப் பார்த்தார். சென்சாரையும் வயரையும் இணைக்கும் கப்ளரைக் கழற்றினால் பெரும்பாலான கார்களில் ஸ்கேனர் மைனஸ் 40 டிகிரி என்று காட்ட வேண்டும்; காட்டினால் அதுவரை வயர் நன்றாக இருக்கிறது என்று பொருள். (அப்போது ரேடியேட்டர் விசிறி தானாக முழு வேகத்தில் சுற்றத் தொடங்கினால் பதற வேண்டாம், சூடு தெரியாத கம்ப்யூட்டர் எஞ்சினைக் காக்க எடுக்கும் முன்னெச்சரிக்கை அது.) பிறகு சென்சாரின் இரு முனைகளிலும் மல்டிமீட்டரை வைத்தார். பல கார்களில் 20 டிகிரியில் 2,000 முதல் 3,000 ஓம் வரை இருக்கும் மின்தடை, 80 டிகிரியில் 300 ஓம் அளவுக்கு இறங்கும். எங்கள் சென்சார் குளிர்ந்த நிலையிலேயே ஆயிரத்தைத் தொடவில்லை. சென்சாரை மாற்றி, சிந்திய அளவுக்கு உரிய கூலன்ட்டையே ஊற்றியதோடு அந்தப் பகுதி முடிந்தது. கூலன்ட் குறைந்தால் கிணற்றுத் தண்ணீரை ஊற்றும் பழக்கம் நம் பக்கத்தில் இன்னும் இருக்கிறது. அந்தத் தண்ணீரிலுள்ள உப்புகள் உள்ளே படியும் என்பதால் அதைக் கைவிடுவது நல்லது.

எஞ்சினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் திராட்டில் பாடியிலும் கார்பன் பிடித்திருந்தது. அதிலுள்ள பட்டாம்பூச்சித் தகட்டின் ஓரத்தில் கறுப்பு வளையம் படிந்தால், ஐடிலிங்குக்குப் போகும் மிகச் சிறிய காற்று வழி அடைபடுகிறது. துடைப்பது எளிது என்றாலும், எலக்ட்ரானிக் திராட்டில் உள்ள வண்டியில் சாவி 'ஆன்' நிலையில் இருக்கும்போது தகட்டை விரலால் தள்ளக் கூடாது. கிளீனரை நேராகப் பீய்ச்சாமல் துணியில் நனைத்துத் துடைக்க வேண்டும். துடைத்த பிறகு சில வண்டிகளில் ஐடிலிங் கொஞ்ச நாள் ஏறி இறங்கும். அடைப்புக்கு ஏற்பப் பழகியிருந்த கம்ப்யூட்டர் மறுபடி கற்றுக்கொள்ள வேண்டும். ஸ்கேனர் வழியாகவும் அதைச் செய்யலாம்.

இந்த மாவட்டத்துக்கென்று சில காரணங்களும் உண்டு. ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே வீடுள்ளவர்கள் பானெட்டைத் திறந்தால் முதலில் எலியின் அடையாளத்தைத் தேட வேண்டும். வயரின் மேலுறையையும் எஞ்சினின் உறிஞ்சலைக் கடத்தும் மெல்லிய வேக்குவம் ஹோஸ்களையும் அது விடுவதில்லை. ஹோஸில் ஓட்டை விழுந்தால் விளைவு எல்லா வண்டியிலும் ஒன்றல்ல: உள்ளே போகும் காற்றை நேரடியாக அளக்கும் சென்சார் உள்ள வண்டியில் கலவை மெலிந்து எஞ்சின் நிற்கும், காற்று எஞ்சினுக்குள் நுழையும் குழாயான மேனிஃபோல்டின் அழுத்தத்தை அளக்கும் வண்டியில் பெரும்பாலும் ஐடிலிங் கூடும். முதிர்ந்த ரப்பர் குளிரில் விறைத்துக் கசியும், சூடானதும் இளகி அடைத்துக்கொள்ளும் என்பதால் இதுவும் காலையில் மட்டும் தெரியும் கோளாறாக வேடம் போடும். குளச்சல், முட்டம் போன்ற கடலோரங்களில் உப்புக் காற்று எர்த் வயரின் போல்ட்டிலும் கப்ளர்களின் பின்னிலும் பச்சை படிய வைக்கிறது. இரண்டு பருவமழையும் பெய்யும் நம் பக்கத்தில் பழைய பிளக் வயரும், பிளக்குக்கு மின்சாரம் தரும் காயிலும் ஈரத்தில் மின்சாரத்தைக் கசிய விடுவது இயல்பு. இருட்டில் பானெட்டைத் திறந்து ஓட விட்டால் நீலப் பொறிகளாகவே அதைப் பார்க்க முடியும்.

இப்போது எந்தக் கோளாறுக்கும் எத்தனால் கலந்த பெட்ரோலைக் குற்றம் சொல்வது வழக்கமாகிவிட்டது. அதில் ஓரளவு உண்மை இருக்கிறது. எத்தனால் ஆவியாவதற்குப் பெட்ரோலைவிட இரண்டு மடங்குக்கு மேல் வெப்பம் வேண்டும். அது முழுதாக எரிய ஒரு பங்குக்கு 9 பங்கு காற்றே போதும் என்பதால், 20 சதவீதக் கலவையில் அதே அளவு தெளித்தால் எஞ்சினுக்கு அது மெலிந்த கலவையாகிவிடுகிறது. ஓடும்போது ஆக்சிஜன் சென்சார் இதைத் திருத்திவிடும். குளிர்ந்த நேரத்தில் அந்தத் திருத்தம் இல்லை. எனவே ஏற்கெனவே விளிம்பில் நிற்கும் வண்டியை இந்தப் பெட்ரோல் தள்ளிவிடலாம். ஆனால் நல்ல நிலையிலுள்ள வண்டி 23 டிகிரியில் இதனால் மட்டும் நின்றுபோகும் என்பதை நான் ஏற்கவில்லை. சென்சாரை மாற்றிய பிறகு எங்கள் வண்டி அதே பங்க்கின் பெட்ரோலில் ஒழுங்காகவே கிளம்புகிறது. எத்தனால் ஈரத்தை இழுக்கும் என்பது வேறு விஷயம். வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு மட்டும் வருபவர்கள் கால் டேங்க் பெட்ரோலோடு மழைக்காலம் முழுவதும் நிறுத்தி வைக்கும் வண்டிகளில் அந்தப் பெட்ரோலையே சந்தேகிப்பது நியாயம்.

கார்புரேட்டர் வைத்த பழைய வண்டிகளுக்கு இவற்றில் பாதி பொருந்தாது. அங்கே சென்சாரின் வேலையை, காற்றைக் குறைத்துப் பெட்ரோலைக் கூட்டும் சோக் செய்கிறது. கேபிள் இறுகியோ தகடு முழுதாக மூடாமலோ இருந்தால் இதே போலத்தான் நிற்கும். டீசல் வண்டியில் தேட வேண்டியவை சிலிண்டரை முன்கூட்டிச் சூடாக்கும் குளோ பிளக்கும், டீசல் லைனில் நுழையும் காற்றும்.

எது எப்படியிருந்தாலும், வண்டியை முந்தின நாள் மாலையே ஒர்க் ஷாப்பில் விட முடியாதவர்கள், சாதாரண புளூடூத் ஸ்கேனர் ஒன்றை வாங்கிக் கைபேசியில் இணைத்து, காலையில் செல்ஃப் அடிப்பதற்கு முன் அந்த இரண்டு சூட்டு எண்களையும் படம் பிடித்து மெக்கானிக்குக்கு அனுப்பலாம். நின்றுபோகும் காட்சியையும், டேஷ்போர்டு தெரியும்படி, சேர்த்து அனுப்புவது நல்லது.