பொதிகைக்குச் சுற்றுவழி

அம்பாசமுத்திரத்துக்காரர்களுக்குப் பொதிகை மலை மொட்டைமாடியிலிருந்தே சாமி. மழை விட்ட காலையில் துணி உலர்த்த மேலே போனால் மேற்கே நீலமாக நிற்கும். வீட்டுக் குழாயில் வருவதும் வயலில் பிசான நெல் குடிப்பதும் அந்த மலைத் தண்ணீர்தான். அகத்தியர் இருக்கிற இடம் என்று ஒரு கும்பிடு போட்டுவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுவோம். ஆனால் உச்சிக்கே போய்க் கும்பிட வேண்டுமென்றால் செங்கோட்டை, ஆரியங்காவு தாண்டி, குளத்துப்புழை, பாலோடு வழியாகக் கேரளத்துக்குள் சுற்றி, விதுராவுக்கு மேலே இருக்கும் பொனக்காட்டிலிருந்து ஏற வேண்டும்.

முன்பு நம் பக்கத்திலேயே வழி இருந்தது. பாணதீர்த்தம், இஞ்சிக்குழி, கன்னிகட்டி, ஆறு பிறக்கும் பூங்குளம் என்று தாமிரபரணியின் கரையோடு ஏறிப் போவார்களாம். என் அத்தையின் மாமனார் அப்படிப் போய்வந்தவர். 1988இல் களக்காடு – முண்டந்துறை புலிகள் காப்பகம் அமைந்தது. இன்றைக்கு அந்தப் பாதையில் பக்தர்களுக்கு அனுமதி இல்லை. அத்தைக்கு அந்த வருத்தம் தீர்ந்தபாடில்லை. மாமனார் போன வழியில் மருமகள் போக முடியாதா என்பாள். நான் பதில் சொல்வதில்லை. மாமனார் காலத்தில் மருமகளை எந்த வழியிலும் விட்டிருக்கமாட்டார்கள். கேரளப் பக்கமும் பெண்களுக்கு வழி திறந்தது 2018இல் உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன பிறகுதான். 2019 ஜனவரியில்தான் பெண்கள் முறையான அனுமதியோடு உச்சிக்குப் போனார்கள். செய்தியைப் பேப்பரில் பார்த்த அன்றே அத்தை தினமும் ஆற்றங்கரையில் நடக்கத் தொடங்கிவிட்டாள்.

அனுமதி பெரும்பாலும் ஜனவரி நடுவிலிருந்து பிப்ரவரி வரைக்கும்தான். பனிக்காலம், காடு ஓரளவு காய்ந்திருக்கும், அட்டை குறைவு. இணையத்தில் முன்பதிவு திறந்த சிறிது நேரத்தில் இடங்கள் தீர்ந்துவிடுகின்றன. மருத்துவச் சான்றிதழும் வேண்டும்.

அத்தையும் நானும் கிளம்புவதற்கு முன் பாபநாசத்தில் முழுகினோம். தை மாதத்துத் தண்ணீர் எலும்பில் இறங்கியது. பாபநாசநாதரைக் கும்பிட்டு, அகத்தியர் அருவிக்கு மேலே கல்யாண தீர்த்தத்துக்கும் போனோம். கயிலையில் கல்யாணம் நடக்கும்போது கூட்டத்தின் பாரத்தால் வடக்கு தாழ்ந்தது என்றும், உலகைச் சமன்செய்ய அனுப்பப்பட்ட அகத்தியருக்கு இந்த இடத்தில்தான் அம்மையும் அப்பனும் மணக்கோலம் காட்டினார்கள் என்றும் சொல்வது நம் ஊர் வழக்கம். எல்லோரும் கல்யாணச் சாப்பாட்டில் இருந்தபோது ஒருவரை மட்டும் வேலைக்கு அனுப்பியிருக்கிறார்கள். அந்த முனிவர் மீது எனக்குப் பிரியம் வந்ததே இந்தக் கதையால்தான்.

பொனக்காட்டில் பாதி இடிந்த தேயிலைத் தோட்டத்துக் கட்டடங்களைக் கடந்தால் வனத்துறைச் சோதனைச் சாவடி. பையைக் கொட்டிப் பார்க்கிறார்கள். பிளாஸ்டிக் கூடாது, மது கூடாது, புகை கூடாது. பூஜைப் பொருள்களும் கூடாது. இது முன்பே தெரிந்திருந்தும் அத்தை ஒரு பொட்டலத்தில் கற்பூரமும் ஊதுவத்தியும் சுருட்டி வைத்திருந்தாள். காவலர் சிரித்துக்கொண்டே எடுத்து ஓரமாக வைத்தார். நெற்றியில் பூசிய விபூதியை மட்டும் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சாமி கும்பிடப் போகிறவர்களிடம் கற்பூரத்தைப் பிடுங்குவதா என்று கூட்டத்தில் ஒருவர் முணுமுணுத்தார். பிறகு நண்பகலில் ஒரு புல்வெளியைக் கடந்தபோது அவரே அந்தப் பேச்சை விட்டுவிட்டார். ஆள் உயரப் புல், வெயிலில் சருகாகக் கிடந்தது. ஒரு பொறி போதும்.

முதல் நாள் நடை பதினான்கு கிலோமீட்டருக்குக் குறையாது. கரமனை ஆறு, வாழைப்பைத்தியாறு, அட்டையாறு என்று ஓடைகள் வரிசையாக வரும். அதுவரை நிழல், குளிர்ந்த தண்ணீர், ஈரமண்ணின் மணம். யானைச் சாணம் புதிதாகக் கிடந்த இடத்தில் வழிகாட்டி கையைக் காட்ட, பேச்செல்லாம் நின்றது. அட்டையாறு தாண்டியதும் புல்வெளியில் நிழலே கிடையாது. அதற்குப் பிறகு ஏழுமடக்கன் தேரி என்கிற ஏற்றம். பாதை மடங்கி மடங்கி மேலே போகிறது. ஒரு மடிப்பு முடிந்ததென்று நிமிர்ந்தால் தலைக்கு மேலே அடுத்தது தெரியும். அத்தை ஒவ்வொரு மடிப்பிலும் நின்று ஒரு தேவாரம் பாடினாள். பக்தியாகவும் இருக்கலாம், மூச்சு வாங்குவதை மறைக்கவும் இருக்கலாம்.

எங்கள் வழிகாட்டி காணிக்காரர், இந்த மலையின் பழங்குடி. நம் பக்கம் சேர்வலாறு, மயிலாறு குடியிருப்புகளிலும் காணி மக்கள் இருப்பதால் அத்தைக்கு உடனே பேச்சு ஒட்டிக்கொண்டது. ஆரோக்கியப்பச்சை என்ற மூலிகையைப் பற்றிக் கேட்டதும் அவர் சிரித்தார், இடத்தைக் காட்டவில்லை. 1987இல் இந்தக் காட்டுக்கு வந்த விஞ்ஞானிகள் களைத்து விழுந்தபோது, கூட வந்த காணிக்காரர்கள் அதன் காயைத் தின்றுவிட்டுச் சளைக்காமல் நடந்தார்கள். அதிலிருந்து பிறந்ததுதான் ‘ஜீவனி’ என்ற மருந்து. வருமானத்தில் காணிகளுக்கும் பங்கு என்று ஒப்பந்தம் ஆனது. சித்த மருத்துவத்தின் முதல் ஆசானைத் தேடிப் போகும் வழியில் இதைக் கேட்டபோது, அவருடைய மாணவர்கள் இன்னும் இங்கேதான் இருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றியது.

அதிருமலை முகாமில் கஞ்சியும் பயறும் கிடைத்தன. ராத்திரி குளிரைப் பற்றி எழுதப்போவதில்லை. தென்றல் பிறக்கும் மலை என்று படித்து வளர்ந்தவள் நான். அன்றைக்குக் கொட்டகையின் தகரத்தைப் பிய்த்தெறியப் பார்த்த காற்றுக்கு வேறு பெயர்தான் வைக்க வேண்டும்.

மறுநாள் விடிந்ததும் உச்சிக்குப் புறப்பட்டோம். மூங்கில் புதர்களுக்குள் நுழைந்து ஏறினால் பொங்கலப்பாறை. அகலமான பாறை மேல் மெல்லிய நீர் வழிகிறது. முன்பு இங்கே பொங்கல் வைப்பார்களாம். அத்தை குனிந்து அந்த நீரை அள்ளித் தலையில் தெளித்துக்கொண்டாள். இதற்கு மேலே மரங்கள் குட்டையாகி, கிளையெல்லாம் பாசி பிடித்துக் கிடக்கின்றன. வேர்களே படிகள். அதுவும் முடிந்ததும் வெறும் பாறைச் சரிவு, கயிறு கட்டியிருக்கிறார்கள். பனியில் பாறை வழுக்கியது. கயிற்றைப் பிடித்து, உடம்பைப் பின்னுக்குச் சாய்த்து, பாதம் முழுவதும் பாறையில் பதியும்படி வைத்து ஏற வேண்டும். முழங்காலைக் குத்தினால் சறுக்கும். கீழே மேகம் அடைத்துக் கிடந்ததால் ஆழம் தெரியவில்லை, அது ஒரு வகையில் நல்லது. கடைசிக் கயிற்றில் அத்தை பாதியில் நின்றுவிட்டாள். நான் ஏதோ தைரியம் சொல்ல வாயெடுத்தேன்.

“நீ பேசாமல் இரு. எனக்கும் அவருக்கும் இடையில் நீ வராதே” என்றாள். பிறகு ஏறினாள்.

1,868 மீட்டர் உயரத்தில், குட்டை மரங்களுக்கு நடுவே, கூரையில்லாமல் அகத்தியர் நிற்கிறார். சிறிய சிலை. மணி இல்லை, அர்ச்சகர் இல்லை, தட்டு இல்லை. தீபம் காட்ட ஒன்றும் இல்லாததால் எல்லோரும் கொஞ்ச நேரம் கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றோம். கோயிலில் நாம் எவ்வளவு வேலைகளுக்கு நடுவில் கும்பிடுகிறோம் என்று அப்போதுதான் உறைத்தது: தேங்காய், சீட்டு, வரிசை, சில்லறை. இங்கே கும்பிடுவது ஒன்றுதான் வேலை. அத்தை சிலையின் பாதத்தில் நெற்றியை வைத்து வெகுநேரம் எழவில்லை. என்ன வேண்டினாள் என்று கேட்டதற்கு, வேண்டவில்லை, இத்தனை வருடம் தண்ணீர் குடித்ததற்குச் சொல்ல வேண்டியதைச் சொன்னேன் என்றாள்.

காற்று மேகத்தைக் கிழித்தபோது மேற்கே பேப்பாறை நீர்த்தேக்கம் தெரிந்தது. பிறகு கிழக்குத் திறந்தது. காட்டுக்கு நடுவே காரையாறு அணை, அதற்கு அப்பால் வெளிறிய சமவெளி. அதுதான் நம் ஊர்ப்பக்கம். அந்த அணையிலிருந்து பாபநாசம், அம்பை, சேரன்மகாதேவி, நெல்லை என்று ஓடிப் புன்னைக்காயலில் கடல் சேர்கிற நதி, தொடங்குவது என்னவோ நேற்று நான் தாண்டிய ஓடைகளை விடச் சின்னதாக. கைகாட்டிக் கைகாட்டி ஊர்களை அடையாளம் சொல்லிக்கொண்டிருந்தோம். பாதி தவறாகத்தான் இருக்கும். அடுத்த மேகம் வந்து மூடியதால் சண்டை நின்றது.

இறக்கம்தான் முழங்காலுக்குப் பரீட்சை. மாலையில் அதிருமலையில் கஞ்சிக் கிண்ணத்தோடு உட்கார்ந்ததும் அத்தை பழைய பேச்சை எடுத்தாள்: நம் பக்கத்துப் பாதையைத் திறந்துவிட வேண்டும், வருடத்தில் ஒரு வாரமாவது. நான் முடியாது என்றேன். ஆடி அமாவாசைக்குக் காரையாறு சொரிமுத்து ஐயனார் கோயிலில் கூடும் கூட்டம் ஆற்றில் விட்டுப்போகும் துணியையும் குப்பையையும் அவள் பார்க்காதவள் இல்லை. அந்தக் கூட்டம் பூங்குளம் வரை ஏறினால் அணைக்கு வரும் தண்ணீர் எப்படி இருக்கும் என்று கேட்டேன்.

“அதெல்லாம் சரி. உனக்கு முழங்கால் வலிக்கவில்லை, அதனால் நியாயம் பேசுகிறாய்” என்று சொல்லி, இன்னொரு கரண்டி பயறு வாங்க எழுந்து போனாள்.