காற்றுக்கு எத்தனை டிகிரி கொடுப்பது?

எங்கள் ஊர் தஞ்சாவூர் மாவட்டத்துப் பாபநாசத்துக்குப் பக்கம், குடமுருட்டி ஆற்றங்கரை. ஓய்வு பெற்று இங்கேயே வந்து தங்கிவிட்டதால், பிளஸ் டூ முடிக்கிற பிள்ளைகள் அவ்வப்போது வந்து விமானி ஆவதற்கு என்ன வழி என்று கேட்கிறார்கள். கூட வரும் பெற்றோர் பணத்தைப் பற்றிக் கேட்கிறார்கள். பறப்பதைப் பற்றிக் கேட்பவர்கள் குறைவு. நான் கமர்ஷியல் பைலட் லைசென்ஸ் வாங்கியது 1970களில். விதிகள் பல மாறிவிட்டன. ஆனால் அந்த வழியில் நான் கற்றது எதுவும் பழையதாகிவிடவில்லை என்பதால் எழுதுகிறேன்.

மீனம்பாக்கத்தில் இருந்த மெட்ராஸ் ஃப்ளையிங் கிளப் 1930இல் தொடங்கியது. நான் சேர்ந்தபோது அங்கே பயிற்சிக்குப் புஷ்பக் விமானங்கள் இருந்தன. இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் செய்தவை. இறக்கை மேலே, துணி போர்த்திய உடல், பக்கத்தில் பக்கத்தில் இரண்டு இருக்கை, 90 குதிரைத்திறன் இஞ்சின். வால் பக்கம் சிறு சக்கரம் என்பதால் தரையில் நிற்கும்போது மூக்கு வானத்தைப் பார்க்கும், முன்னால் பாதை தெரியாது. வளைந்து வளைந்துதான் ஓட்டிப் போக வேண்டும். வாழ்க்கையில் பிறகு எவ்வளவோ பெரிய விமானங்களை ஓட்டியிருக்கிறேன். காலடியில் காற்று அசைவதை உடம்பு முழுக்க உணரவைத்தது புஷ்பக் ஒன்றுதான்.

அதற்கு முன் மருத்துவப் பரிசோதனை. பெங்களூரில் விமானப்படையின் மருத்துவ நிலையத்தில் கண், காது, இதயம் எல்லாம் பார்த்தார்கள். எனக்குக் காதைப் பற்றித்தான் பயம். ஆற்றில் குதித்து வளர்ந்த எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் பலருக்குக் காதில் சீழ் வைத்து செவிப்பறை ஓட்டையாகியிருக்கும். மூக்கைப் பிடித்துக்கொண்டு காற்றை அடைக்கச் சொல்லி, டாக்டர் காதுக்குள் விளக்கைக் காட்டிப் பார்த்தார். செவிப்பறை அசைந்தது. உயரம் மாறும்போது காதுக்குள் அழுத்தம் சமன்படாவிட்டால் விமானிக்கு வேலையே இல்லை.

பணம் நெல்லில் இருந்து வந்தது. அப்பா புரட்டாசியில் குறுவை அறுத்து விற்றால் சில மணி நேரம் பறப்பேன். பிறகு ஐப்பசி, கார்த்திகை மழை. அடுத்த பணம் தை மாதம் சம்பா அறுத்த பின்தான். இடைவெளி விட்டுத் திரும்பிப் போனால் கை மறந்திருக்கும். தனியாக விடமாட்டார்கள், இன்ஸ்ட்ரக்டரோடு மறுபடி பறந்து காட்ட வேண்டும். அதற்கும் கட்டணம் உண்டு. இன்றைக்கும் பிள்ளைகளிடம் நான் சொல்வது இதைத்தான்: பாதிப் பணத்தோடு தொடங்காதீர்கள். விட்டு விட்டுப் பறந்தால் செலவு கூடுமே தவிரக் குறையாது.

தேர்வுகளில் விமானச் சட்டம் மனப்பாடம், அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. வானிலைப் பாடம் எனக்குப் பிறந்த வீடு. வட அரைக்கோளத்தில் காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றால் தாழ்வழுத்தம் இடது கைப்பக்கம் இருக்கும் என்று ஒரு விதி உண்டு, பைஸ் பாலட் விதி என்பார்கள். கார்த்திகையில் வாடை பலமாக அடித்தால் புயல் கடலில் நிற்கிறது என்று எங்கள் பெரியப்பா சொல்வார். வடக்கிலிருந்து வரும் காற்றுக்கு முதுகைக் கொடுங்கள், இடது கை கிழக்கே வங்காள விரிகுடாவைக் காட்டும். அவர் சொன்னதும் பைஸ் பாலட் சொன்னதும் ஒன்றே.

மோர்ஸ் ஒலிகள் எனக்கு முதலில் பிடிபடவே இல்லை. தரையிலுள்ள ரேடியோ நிலையங்கள் தங்கள் அடையாள எழுத்துகளை மோர்ஸில் அனுப்பிக்கொண்டே இருக்கும். அதைக் கேட்டு, சரியான நிலையத்தைத்தான் பிடித்திருக்கிறோமா என்று உறுதி செய்ய வேண்டும். புள்ளியும் கோடுமாகத் தாளில் எழுதிப் படித்தவரை ஒன்றும் ஏறவில்லை. விடுமுறையில் ஊருக்கு வந்தபோது அடுத்த வீட்டுத் தவில்காரர், "எழுதாதே தம்பி, வாயால் சொல்லு" என்றார். தொடையில் தட்டிக்கொண்டு குறிலும் நெடிலுமாகச் சொல்ல ஆரம்பித்தேன். எம் என்றால் இரண்டு நெடில், ஏ என்றால் குறிலும் நெடிலும். பிறகு காது தானாகப் பிடித்துக்கொண்டது.

இவையெல்லாம் படிகள். லைசென்ஸின் உயிர் தனியாகச் செய்யும் நீண்ட தூரப் பறப்பில் இருந்தது. நான் சென்னையிலிருந்து திருச்சிக்குப் போய் இறங்கி, கும்பகோணம் வழியாகத் திரும்ப வேண்டும். மாதம் ஆடி. புஷ்பக்கின் வேகம் மணிக்கு 70 கடல் மைல் என்று வைத்துக்கொண்டேன். மேலைக்காற்று 15 என்று வானிலை அலுவலகம் சொன்னது. சென்னையிலிருந்து திருச்சி சுமார் 160 கடல் மைல், தென்மேற்கே 213 டிகிரி.

காற்றைக் கணக்கில் எடுக்காமல் 213 டிகிரியைப் பிடித்துக்கொண்டு போனால் இரண்டேகால் மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். அதற்குள் காற்று விமானத்தைக் கிழக்கே 34 கடல் மைல் தள்ளியிருக்கும். வரைபடத்தில் அளந்தேன். திருச்சிக்குக் கிழக்கே தஞ்சாவூரையும் தாண்டி, அம்மாபேட்டைப் பக்கம் வந்தது. எங்கள் தாலுகாவேதான்! இன்ஸ்ட்ரக்டர் எட்டிப் பார்த்தார்.

"வீட்டுக்குப் போக ஆசையா?"

"இல்லை சார். காற்றுக்குக் கொடுக்காவிட்டால் இங்கே போய்விடுவேன் என்று பார்த்தேன்."

"அப்படியானால் எத்தனை டிகிரி கொடுப்பாய்?"

விமானத்தின் மூக்கை மேற்கே பத்து டிகிரி திருப்பிப் பிடிப்பேன் என்றேன். அப்போது தரையைக் கடக்கும் வேகம் மணிக்கு 61 கடல் மைலாகக் குறையும், மொத்தம் இரண்டரை மணி நேரத்துக்கும் கொஞ்சம் மேல். பெட்ரோலை அந்த நேரத்துக்கும் அதற்கு மேல் மிச்சத்துக்கும் கணக்கிட வேண்டும். அவர் தலையசைத்துவிட்டு ஒரே ஒரு அறிவுரை சொன்னார்: "டெல்டாவில் கோபுரத்தை நம்பாதே. ஊருக்கு நாலு இருக்கும். ரயில் பாதையை ஆறு எங்கே வெட்டுகிறது என்று பார்."

விழுப்புரம் நேர்கோட்டின் மேலேயே இருக்கிறது. ஐந்து திசைக்கு ரயில் பாதை பிரியும் இடம், மேலிருந்து வேறு எந்த ஊரோடும் குழம்பாது. ஒன்றேகால் மணி நேரத்தில் அது காலடியில் வந்தால் என் பத்து டிகிரி சரி. இடது பக்கம் புதுச்சேரிக் கடல் நெருங்கி வந்தால் காற்று இன்னும் பலம் என்று பொருள். விழுப்புரம் சற்று வலப்பக்கமாக வந்தது. மேலும் இரண்டு டிகிரி கொடுத்தேன். அந்த இரண்டு டிகிரியை யாரும் சொல்லாமல் நானே முடிவு செய்தேன் என்பதில் எனக்கு இன்றும் பெருமை உண்டு. பிறகு வெளேரென்று அகன்ற கொள்ளிடம், அதற்கு அப்பால் ஸ்ரீரங்கம், காவிரி, மலைக்கோட்டை.

திருச்சி ரன்வே கிழக்கு மேற்காக இருப்பதால் ஆடிக்காற்று நேர் எதிரே அடித்தது, இறங்குவது எளிதாகவே இருந்தது. அப்பா பஸ் பிடித்து வந்து வெளியே காத்திருந்தார். சாப்பிட்டாயா என்று கேட்டார். அடுத்த கேள்வி, "மேலிருந்து பார்த்தால் தண்ணீர் கடைமடை வரை போயிருக்கிறதா என்று தெரியுமா?" மேட்டூர் திறந்து பல வாரம் ஆகியிருந்தது. எங்களுக்கு வந்துவிட்டது, கீழே உள்ளவர்களுக்கு வந்ததா என்ற கவலை. "திரும்பும்போது பார்க்கிறேன் அப்பா" என்றேன்.

திரும்பும் வழியில் கல்லணைக்கு மேல் வந்தபோது எல்லாமே தெளிவாக இருந்தது. கொள்ளிடம், காவிரி, வெண்ணாறு, நாங்கள் புது ஆறு என்று சொல்லும் கல்லணைக் கால்வாய். 1934இல் வெட்டி முடித்த கால்வாய் மட்டும் மனிதன் போட்ட கோடு என்று பார்த்த உடனே தெரியும். தஞ்சாவூர் தாண்டியதும் கிளைகள் பெருகி எது காவிரி, எது அரசலாறு என்று புரியாமல் போகும். கடலை நெருங்க நெருங்க ஆறு பெருக்கும் என்று பாடப்புத்தகம் சொல்லும், எங்கள் காவிரியோ கிளைகளுக்குக் கொடுத்துக் கொடுத்துச் சிறுத்துக்கொண்டே போகும். நான் ரயில் பாதையைப் பிடித்துக்கொண்டேன். கும்பகோணத்தில் மகாமகக் குளம் தெரிந்தது. நேரத்தைக் குறித்துக்கொண்டு கிழக்கே பார்த்தேன். கும்பகோணம் சுற்றிலும் வயல்களில் நீர் மின்னியது. மாயவரத்துக்குக் கிழக்கே பெரும்பகுதி மண் நிறத்தில் இருந்தது. சென்னையில் இறங்கியதும் அப்பாவுக்கு ஒரு கார்டு எழுதிப் போட்டேன்.

லைசென்ஸ் கிடைத்தது, வேலைக்குச் சில காலம் காத்திருந்தேன், அது எல்லாருக்கும் உள்ளதுதான். ஆவ்ரோ என்ற பயணிகள் விமானத்தில் தொடங்கினேன். அதன் டார்ட் இஞ்சின்களின் சீழ்க்கை ஒலியைத் தூரத்தில் கேட்டாலே இன்னும் அடையாளம் சொல்வேன். பிறகு போயிங் 737, கடைசியில் ஏர்பஸ் 320. இந்தியன் ஏர்லைன்ஸ் 1989இல் முதலில் வாங்கிய ஏர்பஸ்களுக்குப் பிரதானக் கால் ஒவ்வொன்றிலும் நான்கு சக்கரங்கள் இருந்தன. மற்ற நாட்டு விமானங்களுக்கு இரண்டுதான். அந்தக் கனத்த கால்கள் தரையைத் தொடும் விதம் எனக்கு மிகவும் பிடிக்கும். ஏர்பஸ் திரையின் இடது மூலையில் காற்றின் திசையும் வேகமும் அம்புக்குறியோடு வந்துவிடும், திருத்தத்தைக் கம்ப்யூட்டரே செய்துவிடும். ஆனாலும் திருச்சிப் பக்கம் போகும்போதெல்லாம் அந்த எண்ணைப் பார்த்து மனத்துக்குள் ஒரு கணக்குப் போடுவேன்: இவ்வளவுக்கும் கொடுக்காவிட்டால் எந்த ஊர்?

இன்று லைசென்ஸுக்கு 200 மணி நேரப் பறப்பு, பிளஸ் டூவில் இயற்பியலும் கணிதமும், பதினெட்டு வயது. பறக்கும் பள்ளியில் பணம் கட்டும் முன் மருத்துவப் பரிசோதனையை முடித்துவிடுங்கள் என்று எல்லாரிடமும் பிடிவாதமாகச் சொல்கிறேன். கண்ணில் நிறக்குறைபாடு இருந்தால் அது வரை தெரியாமலேயே இருந்திருக்கும். எதிர்வீட்டுப் பெண் அப்படித்தான் தொடங்குகிறாள். வரும் திங்கட்கிழமை பரிசோதனை, அவள் அப்பாவும் கூடப் போகிறார். என் பழைய வரைபடத்தைக் கேட்டு வாங்கிப் போயிருக்கிறாள்.