மிச்ச ரத்தம் எங்கே போகும்?

யாழ்ப்பாணத்தில், ஆய்வுகளுக்கு அனுமதி கொடுக்கும் நெறிமுறைக் குழுவுக்கு நான் கொடுத்த விண்ணப்பம் மூன்றாம் வாரமே திரும்பி வந்தது. கிழக்கில் வாகரைப் பக்கம் வாழும் பழங்குடிகளான கரையோர வேடர் குடும்பங்களில் நீரிழிவு எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கும் ஆய்வு. ஆளுக்கு 5 மில்லிலீற்றர் ரத்தம். சம்மதப் படிவத்தில் ஒரு வரிக்குக் கீழே சிவப்புக் கோடு: ‘மீதமுள்ள மாதிரிகள் எதிர்கால ஆய்வுகளுக்குப் பயன்படுத்தப்படலாம்.’ பக்கத்தில், ‘எந்த ஆய்வு? யாரைக் கேட்டு?’

அந்த வரியை வேறொரு படிவத்திலிருந்து அப்படியே எடுத்துப் போட்டிருந்தேன். மேற்பார்வையாளர், அமெரிக்காவின் அரிசோனாவில் வாழும் ஹவாசுப்பாய் என்ற பழங்குடி மக்களுக்கு நடந்ததைச் சொன்னார். 1990இல் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நீரிழிவுக்கென்று அவர்களிடம் ரத்தம் எடுக்கத் தொடங்கினார்கள். பிறகு அதே ரத்தம் மனச்சிதைவு ஆய்வுக்கும், அவர்களுடைய மூதாதையர் எங்கிருந்து வந்தார்கள் என்ற ஆய்வுக்கும் போனது. வழக்காடி, 2010இல்தான் 7 இலட்சம் டொலரும், பிரீசரில் கிடந்த ரத்தமும் கைக்கு வந்தன. கேட்டபின் அந்த வரியை வைத்திருக்க எனக்கு மனம் வரவில்லை.

சரி, ஊரையே கேட்போம் என்று திருகோணமலை வழியாகப் பஸ் மாறி வாகரை போனோம். தரவு ஒன்றும் எடுக்கவில்லை. அனுமதிக்கு முன் எடுக்கவும் கூடாது. மரத்தடியில் படிவத்தை வாசித்தேன். ‘உயிரியல் மாதிரி’ என்றதும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ‘ரத்தம்’ என்று மாற்றி வாசித்தேன். உடனே ஒரு அம்மம்மா, “மிச்ச ரத்தம் எங்க போகும் மனே?” என்றார். குழு கேட்ட அதே கேள்வி! அழித்துவிடுவோம் என்றேன். “அப்ப எங்கட ஆள் ஒராள் பாத்து நிக்கட்டும்.”

அதை அப்படியே ஆய்வுத் திட்டத்தில் எழுதினோம். ஊர் ஓம் என்றாலும் ஆளாளுக்குத் தனியாகக் கேட்க வேண்டும். மறுத்தவர் யாரென்று ஊர்ப் பெரியவர்களுக்கும் சொல்வதில்லை என்று சேர்த்தோம். ஊருக்கு முன்னால் மாட்டேன் என்று சொல்வது லேசான காரியமா?

அனுமதிக் கடிதம் வந்ததும் முதலில் ஊருக்குத்தான் போன் எடுத்தேன். “காலையில வராதீங்க, கரைவலை இழுக்கிற நேரம்” என்றார் ஒரு பெரியவர். நான் எழுதியிருந்ததோ வெறும் வயிற்றில் எடுக்கும் ரத்தம். வலை இழுத்துவிட்டு வருபவரை எப்படிச் சாப்பிடாமல் இருக்கச் சொல்வது? சாப்பிட்டிருந்தாலும் செய்யக்கூடிய, கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரிச் சர்க்கரை அளவைக் காட்டும் எச்பிஏ1சி (HbA1c) என்ற ரத்தப் பரிசோதனைக்கு மாற்றி, நேரத்தைப் பின்னேரம் என்று திருத்தி, மறுபடியும் குழுவுக்குக் கொடுத்திருக்கிறேன்.