ட்ரான்ஹைமில் கையும் நூலுமாக

நார்வேக்கு வரப்போகிறவர்கள் கேட்கிற கேள்விகள் இரண்டு. குளிர் தாங்குமா, வேலை கிடைக்குமா. இரண்டுக்கும் பதில் சொல்ல ஏகப்பட்ட பேர் இருக்கிறார்கள், நான் அதற்குள் போகவில்லை. கணவர் பல்கலைக்கழகத்துக்கும் மகன் பார்னெஹாகே என்கிற மழலையர் பள்ளிக்கும் கிளம்பிப் போன பிறகு, குடும்ப விசாவில் வந்த ஒருத்தி மீதி நாளை என்ன செய்வாள் என்பதைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை. என்னைக் கேட்டால் குளிரைவிட அதுதான் பெரிய விஷயம்.

முதல் சில மாதங்கள் காகித வேலையிலேயே போய்விடும். போலீஸ் அலுவலகத்தில் பதிவு, அப்புறம் 11 இலக்க அடையாள எண், அது வந்தால் வங்கிக் கணக்கு, கணக்கு இருந்தால் இணையத்தில் நாம் யார் என்று காட்டுகிற பேங்க்ஐடி, பேங்க்ஐடி இருந்தால்தான் வரி விவரம் பார்ப்பதிலிருந்து குடும்ப டாக்டரை மாற்றுவது வரை வீட்டிலிருந்தே செய்ய முடியும். ஒன்றைப் பிடித்துக்கொண்டு இன்னொன்று தொங்குகிறது. எண்ணின் முதல் ஆறு இலக்கம் நம் பிறந்த தேதிதான், அதனால் பாதி தானாகவே மனப்பாடம். பொறுமையாக இருந்தால் எல்லாம் வந்து சேரும், இதைப் பற்றி இவ்வளவு போதும்.

சிரமம் அதற்கப்புறம்தான். டிசம்பரில் நாங்கள் இருக்கிற ட்ரான்ஹைம் நகரத்தில் காலை பத்து மணி வாக்கில்தான் சூரியன் எழும், மதியம் இரண்டரைக்கெல்லாம் மறைந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் திறக்காது. பக்கத்து வீட்டுக்காரர்கள் நல்ல மனிதர்கள், ஆனால் படியில் பார்த்தால் தலையசைத்துவிட்டுப் போய்விடுவார்கள், வாசலில் நின்று 'சாப்பிட்டாச்சா' என்று தொடங்குகிற பேச்சு கிடையாது. மொழி வகுப்பில் அழகாக வருகிற வாக்கியம் கடையில் வராது. வகுப்பில் நம் பதிலுக்காக எல்லாரும் காத்திருப்பார்கள், வெளியே அந்த இரண்டு நொடி அவகாசத்தை யார் தருவார்கள்?

எனக்கு அந்த இரண்டு நொடியைக் கொடுத்தது நிட்டிங், அதாவது ஊசிகளில் நூல் பின்னுகிற வேலை.

இங்கே பல நூலகங்களில் பின்னல் போடுகிறவர்கள் கூடுகிற மாலைகள் உண்டு. ஸ்ட்ரிக்கெகஃபே என்பார்கள். நான் போகிற இடத்தில் கட்டணம் இல்லை, பெயர் பதிவு இல்லை, நூலையும் ஊசியையும் எடுத்துக்கொண்டு போய் உட்கார வேண்டியதுதான். அங்கே நான் கண்ட பெரிய சௌகரியம், கையில் வேலை இருக்கிறவள் பேசாமல் இருந்தால் யாரும் எதுவும் நினைக்க மாட்டார்கள் என்பது. ஒருவரோடு காபி குடிக்க உட்கார்ந்து வாயே திறக்காமல் இருந்தால் இரண்டு பேருக்கும் சங்கடம். பின்னுகிற இடத்தில் எல்லார் கண்ணும் அவரவர் மடியில். ஒருவர் ஏதோ சொல்வார், கொஞ்ச நேரம் கழித்து இன்னொருவர் பதில் சொல்வார், நடுவில் ஆளுக்கு அரை வரிசை முடிந்திருக்கும். மொழி புதிதாகக் கற்கிறவளுக்கு அந்த வேகம் வரம். வினைச்சொல்லைத் தேடி எடுத்து, வாக்கியத்தை மனசுக்குள் ஒழுங்கு பண்ணி, ஊசியில் இருக்கிற கண்ணிகளை, அதாவது நூல் வளையங்களை, எண்ணி முடித்துவிட்டுப் பேசினாலும் அது தாமதமாகவே தெரியாது. எண்கள், இடது வலது, கூட்டு, குறை, மறுபடி, இறுக்கம், தளர்வு, இதெல்லாம் எனக்கு அங்கே வந்த சொற்கள்தான். நார்வீஜிய மொழியில் முழுதாக ஒரு பக்கம் வாசித்துப் புரிந்துகொண்டேன் என்றால் அது செய்தித்தாள் இல்லை, காலுறையில் குதிகால் திருப்புவது எப்படி என்கிற பக்கம்.

நான் படித்த கான்வென்ட் பள்ளியில் கிராஃப்ட் பீரியட் உண்டு. நூலை வலது கையில் பிடித்து ஊசி மேல் சுற்றிப் போடுகிற ஆங்கிலேயர் முறையைத்தான் சிஸ்டர் சொல்லிக்கொடுத்தார். இங்கே பார்க்கிற எல்லாரும் நூலை இடது ஆள்காட்டி விரலில் தாங்கி, ஊசி முனையால் கொத்தி எடுக்கிறார்கள். விரல் அசைவதே தெரியாது, வேகமோ வேகம். என் கையைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியம்மா, எழுபது தாண்டியவர், 'அந்தக் கையை விட்டுவிடாதே, இந்தக் கையையும் கற்றுக்கொள்' என்றார். அவரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும், இங்கே அத்தை, அக்கா என்கிற பேச்சே இல்லை. எனக்கு இன்றும் நாக்கு கூசுகிறது.

அவர் சொன்னதன் அர்த்தம் இரண்டு நிறப் பின்னலுக்கு வந்தபோதுதான் புரிந்தது. வெள்ளை நூல் இடது கையில், கருப்பு நூல் வலது கையில். ஒரு கை கொத்தி எடுக்க, மறு கை சுற்றிப் போட, நூல்கள் ஒன்றோடொன்று முறுக்கிக்கொள்வதே இல்லை. நமக்கு வலது கை ஏற்கெனவே பழகியிருப்பதால் பாதி வேலை மிச்சம். பயன்படாத நிறம் பின்பக்கமாக ஓடும், அது அதிக நீளம் ஓடினால் குழந்தையின் விரல் மாட்டிக்கொள்ளும், அதனால் இரண்டு மூன்று சென்டிமீட்டருக்குள் ஒரு தடவை அதைப் பிடித்துப் பூட்டிவிட வேண்டும். ரொம்ப இழுத்தால் துணி சுருங்கும், விட்டால் தொங்கும். நல்ல பின்னலா என்று பார்க்க இங்கே யாரும் முன்பக்கத்தைப் பார்ப்பதில்லை, திருப்பிப் பின்பக்கத்தைத்தான் பார்க்கிறார்கள். அந்தப் பழக்கம் எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது.

இந்தக் கருப்பு வெள்ளைப் பின்னலுக்குப் பேர் போன செல்பு என்கிற ஊர் ட்ரான்ஹைமுக்குத் தென்கிழக்கே, காரில் போய்விட்டு வரும் தூரத்தில்தான் இருக்கிறது. 1857ல் மாரிட் குல்செத் என்கிற பதினாறு வயதுப் பெண் எட்டு இதழ்ப் பூ வைத்து இரண்டு நிறத்தில் கையுறை பின்னி, சகோதரிகளோடு சர்ச்சுக்குப் போட்டுக்கொண்டு போனதாகச் சொல்கிறார்கள். நட்சத்திரம் மாதிரி இருக்கும் அந்த எட்டு முனைப் பூ அதற்கு முன்பே ஐரோப்பாவில் பல இடங்களில் இருந்த வடிவம்தான், ஆனால் அதைக் கையுறையில் கொண்டுவந்து ஊருக்கே பிழைப்பாக்கியது செல்புப் பெண்கள். இன்றைக்கு அந்த நகராட்சிச் சின்னத்திலேயே பூ இருக்கிறது. கட்டம் போட்ட தாளில் அந்தப் பூவைப் பார்த்தபோது, பள்ளியில் கிராஸ் ஸ்டிச்சுக்கு வைத்திருந்த கட்ட நோட்டு ஞாபகம் வந்தது. வரைபடத்துக்கு மொழி வேண்டாம், புதிதாக வருகிறவர்கள் அதில் தொடங்குவது நல்லது.

இங்கே கம்பளி என்பது விளையாட்டு இல்லை. 1942ல், ஜெர்மானியர் பிடியில் நாடு இருந்தபோது, சிவப்புக் கம்பளித் தொப்பி எதிர்ப்பின் அடையாளமாகிவிட்டதென்று அதைப் போடுவதையே தடை செய்தார்கள். 1953ல் உன்ன் சோய்லான் (Unn Søiland) என்கிற பெண் வடிவமைத்த, மாரியஸ் என்று பெயர் பெற்ற ஸ்வெட்டரை இன்றும் பேருந்தில் யாராவது ஒருவர் போட்டிருப்பார். பார்னெஹாகேவில் மழையோ பனியோ பிள்ளைகளை வெளியேதான் விளையாட விடுகிறார்கள், சின்னக் குழந்தைகள் தள்ளுவண்டியில் வெளிக்காற்றிலேயே தூங்குகின்றன. முதலில் பார்க்கும்போது வயிற்றைப் பிசையும். ஆனால் உடம்பை ஒட்டி மெல்லிய கம்பளி உள்ளாடை, அதற்கு மேல் தடித்த கம்பளி, வெளியே காற்றும் தண்ணீரும் புகாத உடை என்று அடுக்கிப் போட்டால் பிள்ளை கன்னம் சிவக்க ஓடிக்கொண்டிருக்கும்.

இதை எனக்கு முதலில் புரிய வைத்தவர் ஓர் இலங்கைத் தமிழ் அக்கா. எண்பதுகளில் வந்தவர், வடக்கே ஃபின்மார்க்கில் மீன் தொழிற்சாலையில் வருஷக்கணக்காக நின்று வேலை செய்தவர். நார்வேயில் தமிழர்கள் காலூன்றியது பெரும்பாலும் இவர்களைப் போன்ற ஈழத்துக்காரர்களின் உழைப்பில்தான், பின்னால் வந்த நாமெல்லாம் அந்தத் தடத்தில் நடக்கிறோம். மகனுக்கு நான் பருத்தி பனியன் போட்டிருந்ததைப் பார்த்துவிட்டு, "பிள்ளை, உள்ளுக்குக் கம்பளியைப் போடும். பருத்தி வேர்வையைக் குடிச்சிட்டு ஈரமாய் உடம்போட ஒட்டிக்கொண்டு இருக்கும், அதுதான் குளிரும்" என்றார். கம்பளி கணிசமான ஈரத்தை இழுத்துக்கொண்டும் சூடாகவே இருக்கும். அடிக்கடி துவைக்கவும் வேண்டாம், வெளியே காற்றில் தொங்கவிட்டாலே வாடை போய்விடும். துவைத்தால் இளஞ்சூடு, கசக்கக் கூடாது, தட்டையாக உலர்த்த வேண்டும். சுடுதண்ணீரும் தேய்ப்பும் சேர்ந்தால் இழைகள் ஒன்றோடொன்று பூட்டிக்கொண்டு சட்டை பொம்மை அளவுக்குச் சுருங்கிவிடும்.

அந்தப் பூட்டிக்கொள்ளும் குணத்தை நம்பித்தான் இங்கே ஒரு காரியம் செய்கிறார்கள், தையல் தெரிந்தவர்கள் கண்டிப்பாகப் பார்க்க வேண்டியது. முன்பக்கம் திறக்கிற ஸ்வெட்டரைக்கூடக் குழாய் மாதிரி வட்டமாகவே கழுத்து வரை பின்னிவிடுவார்கள், வட்டமாகப் போட்டால் பூ வேலைக்கு எப்போதும் முன்பக்கமே கண்ணெதிரே இருக்கும். முடித்த பிறகு நடு நெஞ்சில் ஒதுக்கி வைத்த சில கண்ணிகளின் இரண்டு பக்கமும் தையல் மெஷினில் நெருக்கமாக ஒரு தையல், பாதுகாப்புக்கு இன்னொரு தையல். பிறகு கத்தரிக்கோலை எடுத்து நடுவே நேராக வெட்டுகிறார்கள். வாரக்கணக்காகப் பின்னியதை! நான் மகனுக்குப் பின்னிய சட்டையில் வெட்டும்போது மேசையைச் சுற்றி எல்லாரும் பின்னுவதை நிறுத்திவிட்டார்கள். கத்தரி ஒவ்வொரு இழையாகக் கடித்துக்கொண்டு கீழிருந்து மேலே போகிறது, ஓரம் லேசாகச் சிலிர்த்து நிற்கிறது, ஒரு கண்ணிகூடக் கழலவில்லை. இழை மேலே இருக்கிற நுண்ணிய செதில்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்கின்றன, அதுதான் காரணம். மெஷினில் துவைக்கலாம் என்று பதப்படுத்திய சூப்பர்வாஷ் நூலில் அந்தப் பிடிப்பு குறைவு, வெட்டுகிற சட்டைக்கு அதை வாங்காதீர்கள். ராவ்மா மாதிரி உள்ளூர்க் கம்பெனிகளின் கொஞ்சம் சொரசொரப்பான நூல்தான் இதற்குத் தோது.

தையல் மெஷினை ஊரிலிருந்து கொண்டுவரலாமா என்று கேட்கிறார்கள். மின்சாரம் இங்கும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான், மோட்டார் ஓடும். மூன்று உருண்டை முனை பிளக் மட்டும் நுழையாது. ஆனால் அந்த எடையை விமானத்தில் தூக்கி வர வேண்டியதில்லை, பள்ளி இசைக்குழுக்கள் நடத்துகிற பழைய பொருள் சந்தையிலும் ஃபின் டாட் என்ஓ (finn.no) என்கிற விற்பனைத் தளத்திலும் இரும்பு உடம்புள்ள பழைய மெஷின்கள் சில நூறு க்ரோனருக்குக் கிடைக்கும்.

நான் ஊரிலிருந்து கொண்டுவந்தது ஒயர் ரோல். கூடை போடுகிற பிளாஸ்டிக் ஒயர்தான். குளிர்காலத்தில் பால்கனி ஸ்டோரிலிருந்து எடுத்தால் விறைத்துப்போய் முடிச்சு இறுகாது, வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்ச நேரம் போட்டு எடுத்தால் பதமாகிவிடும். நூலக மாலைக்கு அதையும் எடுத்துப்போக ஆரம்பித்தேன். அடிப்பாகம் போடும்போது யாருக்கும் ஆர்வம் வரவில்லை, பக்கச்சுவர் எழும்பியதும் ஒவ்வொருவராக நாற்காலியை நகர்த்தி வந்தார்கள். சாதா முடிச்சை உடனே பிடித்துக்கொண்டார்கள், நெல்லிக்காய் முடிச்சுக்கு நேரம் பிடித்தது. சிவன் கண் முடிச்சில் நான்கு பக்கமும் சமமாக வரவில்லை என்று ஒருவர் பிரித்துப் பிரித்துப் போட்டார், அவருடைய பிடிவாதத்தைப் பார்த்து எனக்கு அவ்வளவு சந்தோஷம். அன்றைக்கு எல்லாரும் வாயடைத்து உட்கார்ந்திருக்க, நான் ஒருத்திதான் நார்வீஜிய மொழியில் பேசிக்கொண்டிருந்தேன். மேலே, கீழே, இடப்பக்கம், உள்ளே விடு, இழு. இப்போது அவர்களில் இரண்டு பேர் நீச்சல் குளத்துக்கு ஒயர் கூடைதான் எடுத்துப்போகிறார்கள், ஈரத்துணியைப் போட்டாலும் தண்ணீர் வடிந்துவிடுகிறது என்று.

வரப்போகிறவர்கள் பெட்டியில் ஸ்வெட்டர்களை அடைத்து வராதீர்கள், ஊரில் கிடைப்பதில் பெரும்பாலானவை அக்ரிலிக், இந்தக் குளிருக்கு எடுபடாது. அதற்குப் பதில் ஜாக்கெட் ஹூக், புடவை ஃபால்ஸ், லைனிங் துணி, ஆரி ஊசி, ஜரிகை, ஒயர் ரோல் இவற்றை வைத்துக்கொள்ளுங்கள், இந்த ஊரில் தேடி அலைய வேண்டியிருக்கும். கத்தரிக்கோலைச் செக்-இன் பெட்டியில் போடுங்கள். நிட்டிங் ஊசி வாங்க வேண்டாம், இங்கே அளவு எல்லாம் மில்லிமீட்டரில், ஊரில் பழைய எண்களில் வாங்கியது பேட்டர்னோடு பொருந்தாது. வட்ட ஊசி ஒன்றை இங்கே வந்து வாங்கினால் போதும், தொப்பியில் ஆரம்பிக்கலாம். குளிர்காலத்தில் ஹீட்டர் காற்றில் விரல் நுனி வெடித்து நூல் மாட்டும், படுக்கப் போகும்போது கைக்குக் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள்.