இறங்கும் பஞ்சமமும் என் பிடிவாதக் காதும்

இரண்டு ஸ்வரங்களுக்கு இடையே உள்ள தூரத்தைக் காதால் மட்டும் கேட்டுச் சொல்லும் பயிற்சியில் இறங்கி ஐந்து வாரம் ஆகிவிட்டது. கீழ் ஸ்வரம் முதலில் ஒலிக்கும் ஏறுமுகத்தில் 40 கேள்விக்கு 38 சரியாக வருகிறது. இறங்குமுகத்தில் அதே 40-க்கு 19. நேற்று இரவு மடிக்கணினியைப் பட்டென்று மூடியதில் வீட்டில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

பயன்படுத்துவது ஜிஎன்யு சோல்ஃபேஜ் என்ற காதுப் பயிற்சி மென்பொருள். லினக்ஸில் ஃப்ளூயிட்சிந்த் என்ற ஒலி எழுப்பும் மென்பொருளையும், அதற்கு வாத்திய ஒலிகளைத் தரும் சவுண்ட்ஃபான்ட் கோப்பையும் போட்டு அதைப் பேசவைத்த கதையை விட்டுவிடுகிறேன். அந்த வழியில் நடந்தவர்களுக்கு அது தெரிந்த வேதனைதான். இரண்டு ஸ்வரம் ஒலிக்கும், இடையே எத்தனை ஸ்தானம் (ஸட்ஜத்திலிருந்து மேல் ஸட்ஜம் வரை 12 படிகள், ஒரு படி ஒரு ஸ்தானம்) என்று பொத்தானை அழுத்த வேண்டும். அவ்வளவுதான் வேலை. சிக்கல் என்னவென்றால், ஒவ்வொரு கேள்விக்கும் அது ஆரம்ப ஸ்வரத்தை மாற்றிவிடுகிறது. ஒரே கட்டையில் ஸட்ஜத்தைப் பிடித்துக்கொண்டு வருஷக்கணக்கில் ஸரளி வரிசை பாடிய காதுக்கு இது காலடித் தரை நகர்கிற மாதிரி.

தப்பு எங்கே என்று பிடிபட்டது புள்ளிவிவரப் பக்கத்தைப் பார்த்தபோதுதான். கேட்டது ஒரு பக்கம், நான் சொன்னது மறுபக்கம் என்று கட்டம் போட்டுக் காட்டுகிறது. என் தப்புகள் சிதறிக் கிடக்கவில்லை. 5 ஸ்தானம் இறங்கினால் 7 என்கிறேன். 4 இறங்கினால் 8. 3 இறங்கினால் 9. எந்த ஜோடியைக் கூட்டினாலும் 12, ஒரு முழு ஸ்தாயி!

அதாவது காது கேட்டது சரி, கை அழுத்தியதுதான் தப்பு. மேல் ஸ்வரம் முதலில் ஒலிப்பதால் அதுவே ஸட்ஜமாக உட்கார்ந்துவிடுகிறது. அதிலிருந்து 5 இறங்கினால் வருவது மந்தர பஞ்சமம், அதாவது கீழ் ஸ்தாயிப் பஞ்சமம். காது "பஞ்சமம்" என்று கத்துகிறது. நானும் 7 ஸ்தானத்துப் பஞ்சமத்தை அழுத்திவிடுகிறேன். 4 இறங்கினால் மந்தர சுத்த தைவதம், அதே கூத்து. ஐந்து வாரமாகச் சரியாகக் கேட்டுத் தப்பாகப் பரீட்சை எழுதியிருக்கிறேன்.

மருந்து: இரண்டும் ஒலித்து முடிந்தபின் கீழ் ஸ்வரத்தை மட்டும் முனகிப் பிடித்துக்கொள்ள வேண்டும். மூன்று எண்ணும்வரை விடக்கூடாது. பழைய ஸட்ஜம் மறைந்து இது ஸட்ஜமாக இறங்கும் கணம் ஒன்று இருக்கிறது. நாற்காலியில் சாய்ந்து உட்கார்வது போலத் தெரியும். அதன்பின் மேல் ஸ்வரத்துக்கு ஏறினால், சற்றுமுன் பஞ்சமமாகக் கேட்ட அதே ஜோடி ஸ–ம ஆகிவிடுகிறது. சுத்த மத்யமம், 5. இன்று காலை 40-க்கு 33. ஆனால் ஒரு கேள்விக்குப் பத்து விநாடி ஆகிறது, எண்ணுவதற்கு முன்பே பொத்தானை அழுத்தினால் பழைய பஞ்சமம் திரும்பி வந்துவிடுகிறது.

இப்படி வேறொரு ஸ்வரத்தை ஸட்ஜமாக்கிக் கேட்பதைக் கிரக பேதம் என்று நம் ஆட்கள் எப்போதோ சொல்லிவைத்திருக்கிறார்கள் என்பது பிறகுதான் உறைத்தது. மோகனத்தின் ரிஷபத்தை ஸட்ஜமாக்கினால் மத்யமாவதி, காந்தாரத்தை ஆக்கினால் ஹிந்தோளம், பஞ்சமத்துக்கு சுத்த சாவேரி, தைவதத்துக்கு சுத்த தன்யாசி. சோல்ஃபேஜின் பாடக் கோப்பு வெறும் எழுத்துக் கோப்புதான், நாமே எழுதிக்கொள்ளலாம். எனவே இந்த ஐந்தையும் பாடமாக்க உட்கார்ந்தேன். மூன்று ராகம் முடிந்தது. ஒரு மாலை முழுவதும் கோப்பு திறக்க மறுத்ததற்குக் காரணம், ஆவணம் தட்டச்சு செய்யும் மென்பொருள் மேற்கோள் குறிகளை அழகாக வளைத்துக் கொடுத்ததுதான். சாதாரண எடிட்டரில் எழுதுங்கள்.

இதற்கு நடுவே ஒரு கிளைக்கதை. சவுண்ட்ஃபான்ட் பியானோவின் அந்தர காந்தாரம் எனக்கு எப்போதும் ஒரு மயிரிழை தூக்கலாகவே கேட்கும். காது கோளாறா, கருவி கோளாறா? ஆடாசிட்டி என்ற ஒலித் தொகுப்பு மென்பொருளில் இரண்டு டிராக், டோன் உருவாக்கியில் ஒன்றுக்கு ஸட்ஜமாக 240 ஹெர்ட்ஸ், மற்றதற்குக் காந்தாரமாக, பியானோ கணக்கில் 302.38. ஒன்றும் புரியவில்லை. இரண்டு மாலை போனது. வழுவழுப்பான ஸைன் அலையில் மேல் ஒலிகள் (அடிப்படை ஒலியின் மடங்குகளாகச் சேர்ந்து ஒலிப்பவை) கிடையாது என்பதை மறந்திருந்தேன். ரம்பப் பல் அலைக்கு மாற்றினேன், ஒலியளவை இரண்டுக்கும் 0.3 ஆக்கினேன் (இல்லாவிட்டால் சேர்ந்து உடைகிறது). இப்போது உயரத்தில் படபடவென்று ஒரு துடிப்பு: 240-இன் ஐந்தாம் மடங்கு 1200, 302.38-இன் நான்காம் மடங்கு 1209.5, விநாடிக்கு ஒன்பது சொச்சம். காந்தாரத்தை 300 ஆக்கியதும் துடிப்பு நின்று, ஒலி ஒன்றாகப் படிந்தது. தம்புராவில் தானாக எழும் காந்தாரம் இதுதான். ஆக, பியானோதான் 14 செண்ட் (ஒரு ஸ்தானத்துக்கு 100 செண்ட்) தூக்கல். இந்த ஒரு விஷயத்திலாவது என் காது ஜெயித்தது. "அங்கே மிக்சி ஓடுகிறதா?" என்று சமையலறையிலிருந்து மனைவி கேட்டாள். ரம்பப் பல்லின் இனிமை அப்படி.

மடிக்கணினியின் ஒலிபெருக்கியை நம்பாதீர்கள், மந்தர ஸ்வரங்களை அது விழுங்கிவிடுகிறது. ரிச்சி தெருவில் வாங்கிய, காதை முழுதாக மூடும் சாதாரண ஹெட்ஃபோனே போதுமாக இருக்கிறது. கடைக்காரர் பேஸ் அதிகமுள்ளதைத் தள்ளிவிடப் பார்த்தார். அது வேண்டாம், கீழ் ஸ்வரம் வீங்கி, மேல் ஸ்வரம் ஒளிந்துகொள்ளும்.

அடுத்து, ஒலியைப் படமாகக் காட்டும் சானிக் விஷுவலைசர் என்ற மென்பொருளில் தோடி காந்தாரத்தின் அசைவைக் கோடாகப் பார்க்க வேண்டும் என்று நேற்றே அதை இறக்கி வைத்துவிட்டேன். சுத்த சாவேரியும் சுத்த தன்யாசியும் இன்னும் கோப்பில் ஏறவில்லை. 6 ஸ்தானத்தைப் பற்றி நான் பேசவே இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். அதை இறங்கிக் கேட்டாலும் ஏறிக் கேட்டாலும் 6-தான், கூட்டினாலும் 12-தான். அதில் மட்டும் முதல் நாளிலிருந்து நான் தப்பே செய்ததில்லை.