பழைய ஃபார்ச்சூனர் 3.0: லைட்பாருக்கு முன்னால் காப்பர் வாஷர்

2009 முதல் 2016 வரை இந்தியாவில் விற்ற முதல் தலைமுறை டொயோட்டா ஃபார்ச்சூனர் இப்போது செகண்ட் ஹேண்டில் கைக்கு எட்டும் விலைக்கு வந்துவிட்டது. டெல்லியில் பத்து வருஷ டீசல் வண்டிகளுக்கு வந்த தடை, அங்கிருந்து வரும் வண்டிகளின் விலையை இன்னும் இறக்கிவிட்டது. வாங்கியவர்கள் முதல் வாரமே லைட்பார் என்னும் நீள விளக்குப் பட்டை கேட்டுப் போய் நிற்பது ஆக்சஸரி கடையில்தான். அந்தக் காசு முதலில் போகவேண்டிய இடம் எஞ்சினின் மேல் மூடியான வால்வ் கவருக்குள் இருக்கிறது.

2982 சிசி 1கேடி எஞ்சின் பல லட்சம் கிலோமீட்டர் ஓடும் ஜாதி. அதன் பலவீனம், சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் உட்காரும் இடத்திலுள்ள சின்ன காப்பர் வாஷர். சிலிண்டருக்குள் எரியும் வாயு மேலே ஏறாமல் அடைப்பது அதுதான். அது தளர்ந்தால் சூடான வாயு வால்வ் கவருக்குள் புகுந்து ஆயிலைத் தார் மாதிரி கெட்டியாக்கும். அந்தக் கரி எஞ்சின் அடியிலுள்ள ஆயில் தொட்டியான சம்ப்பில் இறங்கி, ஆயில் பம்ப் உறிஞ்சும் ஸ்ட்ரெய்னர் வலையில் போய் அடையும். ஆயில் லைட் எரியும்போது பேரிங், டர்போ இரண்டுக்கும் அடி விழுந்து முடிந்திருக்கும்.

டீசல் வண்டியில் ஆயில் கருப்பாக இருப்பது ஒரு அறிகுறியே இல்லை. மாற்றிய மறுநாளே கருத்துவிடும். பார்க்கவேண்டியவை வேறு. காலையில் முதல் ஸ்டார்ட்டில் ‘சஃப் சஃப்’ என்று காற்றுக் கசியும் சத்தம் வருகிறதா? ஆயில் ஊற்றும் மூடியின் அடியில் பிசுபிசுவென்று கரி ஒட்டியிருக்கிறதா? ஸ்டார்ட் ஆன பிறகு ஆயில் லைட் அணைய இரண்டு மூன்று விநாடிக்கு மேல் ஆகிறதா? கடைசிக் கேள்விக்கு ‘ஆமாம்’ என்றால் வண்டியை ஓட்டிப் பார்க்கவே வேண்டாம். ஆயிலை வடித்துவிட்டு, ட்ரெயின் போல்ட் ஓட்டை வழியாகச் சின்ன எண்டோஸ்கோப் கேமராவை விட்டு ஸ்ட்ரெய்னரைப் பாருங்கள். வலை அடைத்திருந்தால் சம்ப்பைக் கழற்றித்தான் ஆகவேண்டும். ஃப்ளஷிங் ஆயில் ஊற்றிச் சமாளிக்கலாம் என்பார்கள், செய்யாதீர்கள். மேலே ஒட்டியிருக்கும் கரியும் பெயர்ந்து மொத்தமாக வலைக்கு வந்து சேரும்.

முந்தைய ஓனரிடம் பில் இல்லையென்றால் நான்கு வாஷரையும் மாற்றிவிடுவதே சரி. வாஷர் விலை அற்பம், செலவெல்லாம் கூலியில்தான். பழைய வாஷரைத் திருப்பிப் போட்டு முறுக்குவது, உட்காரும் இடத்தைச் சுத்தம் செய்யாமல் புதுசைப் போடுவது, இறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்ச் இல்லாமல் கை அளவில் கிளாம்ப் போல்ட்டை இறுக்குவது: பட்டறைகளில் நடக்கும் இந்த மூன்றில் எது நடந்தாலும் சில ஆயிரம் கிலோமீட்டரில் அதே கசிவு திரும்ப வரும். கழற்றும்போதே எந்த இன்ஜெக்டர் எந்த சிலிண்டரில் இருந்தது என்று குறித்து வைக்கச் சொல்லுங்கள். ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு குறியீட்டு எண் உண்டு, எஞ்சினின் கணினியான இசியுவில் அந்த சிலிண்டருக்கு அதுதான் பதிவாகியிருக்கும். புது இன்ஜெக்டர் போட்டால் அதன் எண்ணை ஸ்கேனர் வழியாக ஏற்றவேண்டும்.

இந்த எஞ்சினில் மிஞ்சிய டீசலைத் திருப்பி அனுப்பும் இன்ஜெக்டரின் ரிட்டர்ன் பைப்பும் வால்வ் கவருக்குள்ளேயே ஓடுகிறது. அதன் வாஷர் கசிந்தால் டீசல் வெளியே சொட்டாது, நேரே ஆயிலில் கலக்கும். டிப்ஸ்டிக்கில் அளவு குறையாமல் ஏறிக்கொண்டே போகிறது, டீசல் வாடையும் அடிக்கிறது என்றால் பெரும்பாலும் காரணம் இதுதான். ‘ஆயிலே குடிக்காத வண்டி’ என்று சிலர் பெருமைப்படுவது இந்த நிலையைப் பார்த்துத்தான். கவரை மூடுமுன் ரிட்டர்ன் பைப்பில் காற்றழுத்தம் கொடுத்து, சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்துவிட வேண்டும்.

ஃபில்டரோடு சேர்த்து ஆயில் சுமார் 7 லிட்டர் பிடிக்கும். முதல் இரண்டு மாற்றத்தை 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை செய்துவிட்டு, பிறகு 10,000-க்குப் போகலாம்.

டைமிங் பெல்ட்டுக்குக் கணக்கு 1,50,000 கிலோமீட்டர். மீட்டரில் டி-பெல்ட் விளக்கு எரியும். ஆனால் ரீசெட் செய்தால் அது அணைந்துவிடும், எனவே விளக்கு எரியவில்லை என்பது பெல்ட் மாற்றியதற்குச் சாட்சி ஆகாது. பில் கேளுங்கள், இல்லையென்றால் மாற்றுங்கள். அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதும். இந்த எஞ்சினில் கிராங்க் பக்கம் கியர், மேலே மட்டும்தான் பெல்ட். அதனால் வேலை சுலபம். ‘கிராங்க் புல்லி கழற்றணும், முழு நாள் வேலை’ என்று யாராவது சொன்னால் வேறு பட்டறை பார்ப்பது நல்லது. டென்ஷனரையும் சேர்த்தே மாற்றுங்கள்.

டீசல் ஃபில்டர், கூலன்ட், பிரேக் ஆயில் மூன்றையும் பழைய கதை கேட்காமல் மாற்றுங்கள். கியர்பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ், டிஃபரென்ஷியல் ஆயில்களும் அப்படியே. இங்கே ஒரு சின்ன விஷயம்: வடிக்கும் போல்ட்டைத் தொடுமுன் ஊற்றும் போல்ட் கழல்கிறதா என்று பாருங்கள். எல்லாவற்றையும் வடித்த பிறகு மேல் போல்ட் இறுகித் தலை வழுக்கினால், வண்டி பட்டறையிலேயே படுத்துவிடும்.

சிக்னலில் நின்று கிளம்பும்போது பின்னால் ‘டங்’ என்று தட்டினால் கியர்பாக்ஸ் போய்விட்டது என்று பயப்படவேண்டாம். பெரும்பாலும் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் சறுக்கு இணைப்பில் கிரீஸ் வறண்டிருக்கும். நிப்பிளில் கிரீஸ் கன் வைத்து இரண்டு மூன்று அழுத்து போதும்.

இனி அப்கிரேடு. இந்த வண்டியில் உண்மையிலேயே போதாதது பிரேக். எடை அதிகம், பின்னால் டிரம். நல்ல பேட், தேய்மானம் பார்த்து புது டிஸ்க், புது பிரேக் ஆயில், பின் டிரம்மில் சரியான அட்ஜஸ்ட்மென்ட். இவ்வளவு செய்தாலே பெடல் வேறு மாதிரி இருக்கும். அடுத்தது டயர். பட்டன் (தரையைப் பிடிக்கும் ரப்பர் கட்டை) நிறைய இருந்தாலும் பக்கவாட்டில் தேதி பாருங்கள்: 2317 என்றால் 2017-இன் 23-ஆம் வாரம், அதை மாற்றத்தான் வேண்டும். கம்பெனி அளவு 265/65 R17. உயரமாகத் தெரியட்டும் என்று 265/70 போட்டால் சுற்றளவு 3.4 சதவீதம் கூடும்; மீட்டர் கணக்கு அந்த அளவுக்குக் குறைத்துக் காட்டும், பிக்கப்பும் கொஞ்சம் மந்தமாகும்.

ஹெட்லைட் மங்கல் என்றால் பல்பை மாற்றுமுன் ஹோல்டரில் வோல்டேஜ் அளந்து பாருங்கள். எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் 14 இருந்து ஹோல்டரில் 12-ஐ ஒட்டி இருந்தால் குறை வயரிங்கில். பேட்டரியிலிருந்து நேராக மின்சாரம் தரும் ரிலே கிட்டை ஃபியூஸோடு போட்டால் அதே பல்ப் பளிச்சென்று எரியும். 100 வாட் பல்ப் போட்டால் ஹோல்டர்தான் உருகும். முன்னால் மாட்டும் இரும்புச் சட்டமான புல் பார் வேண்டவே வேண்டாம்: 2017 டிசம்பரில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் அதன்மேல் நடவடிக்கை எடுக்க மாநிலங்களுக்கு எழுதிவிட்டது, மோதும்போது ஏர்பேக் விரியும் நேரத்தையும் அது குழப்பும்.

இசியு மென்பொருளை மாற்றிச் சக்தி கூட்டும் ரீமேப் ஆசை இருந்தால், முதலில் ஐடிலில் நான்கு இன்ஜெக்டரின் ஃபீட்பேக் அளவையும் (இசியு செய்யும் டீசல் திருத்தம்) ஸ்கேனரில் பாருங்கள். ப்ளஸ் மைனஸ் 3-ஐத் தாண்டி ஒன்று நின்றாலும் அதைச் சரிசெய்யாமல் ரீமேப்பைத் தொடக்கூடாது.