பிரிண்டரை நீக்கினேன், டிரைவர் நீங்கவில்லை

திருப்பூரில் நான் கணக்கு பார்க்கும் பின்னலாடை நிறுவனத்தில் கம்ப்யூட்டர் கோளாறுகளுக்கென்று தனியாக ஆள் கிடையாது. எப்போதோ ஒருமுறை ஒரு மானிட்டரைச் சரிசெய்துவிட்ட பாவத்துக்கு அந்த வேலையும் என் தலையில் விழுந்து பல ஆண்டுகள் ஆகின்றன. சென்ற வாரம் மாலை ஐந்து மணிக்கு, சரக்கு ஏற்றிய வண்டி வாசலில் நின்றுகொண்டிருந்தபோது, பில்லிங் பார்க்கும் பெண் வந்து "பில்லு வரமாட்டேங்குதுங்ணா" என்றார். வாங்குபவருக்கு ஒன்று, வண்டியோடு போவதற்கு ஒன்று, நமக்கு ஒன்று என இன்வாய்ஸில் மூன்று படிகள் எடுத்தாக வேண்டும். அவசரத்துக்கு அதைப் பிடிஎஃப் ஆக்கி மேலாளர் அறையிலிருந்த வேறொரு பிரிண்டரில் எடுத்துக் கொடுத்து வண்டியை அனுப்பிவிட்டேன். ஆள் நின்று அவசரப்படுத்தும்போது பிரிண்டரின் டிரைவரில், அதாவது அதைக் கணினியோடு பேசவைக்கும் மென்பொருளில், கைவைக்கக் கூடாது என்பது நான் பட்டுத் தெரிந்துகொண்டது.

பிறகு உட்கார்ந்து பார்த்தால், பிரிண்டர் பட்டியலில் ஒரே பெயர் நான்கு முறை இருந்தது. முதலாவது வெறும் பெயர். மற்றவை காப்பி 1, காப்பி 2, காப்பி 3. மேசையைத் துடைக்கும்போதெல்லாம் யாரோ யூஎஸ்பி கேபிளைக் கழற்றி வேறு துளையில் செருகியிருக்கிறார்கள். தன் வரிசை எண்ணைக் கணினிக்குச் சொல்லாத பிரிண்டராக இருந்தால், துளை மாறியவுடன் விண்டோஸ் அதைப் புதிதாக வந்த இன்னொரு பிரிண்டர் என்றே எடுத்துக்கொண்டு, யூஎஸ்பி001 என்பதற்குப் பதிலாக யூஎஸ்பி002 என்று ஒரு போர்ட்டையும் (இணைப்பு வழி) புதிய பெயரையும் உண்டாக்கிவிடும். பில்லிங் மென்பொருளோ பழைய பெயருக்கே அனுப்பிக்கொண்டிருக்கும். இந்த இடத்தோடு முடிந்திருந்தால், பிரிண்டரின் பண்புகளில் போர்ட்ஸ் பக்கத்துக்குப் போய் சரியான போர்ட்டில் டிக் செய்தாலே போதும். டிரைவரைத் தொட வேண்டிய தேவையே இல்லை.

எனக்கு அது போதவில்லை. போர்ட்டை மாற்றிய பிறகும் அனுப்பிய பில் வரிசையில் வந்து நின்றது. ரத்துச் செய்தால் "நீக்கப்படுகிறது" என்ற நிலையிலேயே உறைந்துவிட்டது. எனவே விண்டோஸின் சர்வீசஸ் பட்டியலில், அச்சு வேலைகளை வரிசைப்படுத்தி அனுப்பும் பிரிண்ட் ஸ்பூலரை நிறுத்திவிட்டு, சி டிரைவில் விண்டோஸ், சிஸ்டம்32, ஸ்பூல், பிரிண்டர்ஸ் என்று ஒவ்வொரு கோப்புறையாக உள்ளே போனேன். 00047 என்பது போன்ற எண்களைப் பெயராகக் கொண்டு இரண்டிரண்டாகக் கோப்புகள் கிடந்தன: எஸ்பிஎல் என்று முடிவதில் அச்சாக வேண்டிய பக்கமும், எஸ்ஹெச்டி என்று முடிவதில் அதை அனுப்பியவர் யார், எந்தப் பிரிண்டருக்கு என்ற குறிப்பும் இருக்கும். முதல் ஜோடியின் தேதி மூன்று நாள் பழையது. அத்தனையையும் அழித்துவிட்டு ஸ்பூலரை மீண்டும் இயக்கினேன். வரிசை காலியானது, புதிதாக அனுப்பிய பில் மறுபடியும் நின்றது. டிரைவர்தான் கெட்டிருக்கிறது என்று அப்போதுதான் முடிவுக்கு வந்தேன்.

இங்கேதான் பலரும், முன்பெல்லாம் நானும், ஏமாந்துபோகிறோம். செட்டிங்ஸில் "நீக்கு" என்று சொன்னால் போவது அந்தப் பெயரும் அதன் வரிசையும் மட்டுமே. டிரைவர் தன் இடத்தில் இருக்கும். அதன் நிறுவல் கோப்புகள் அடங்கிய தொகுப்பு, விண்டோஸ் டிரைவர்களைச் சேமித்து வைக்கும் டிரைவர் ஸ்டோரில் பத்திரமாக இருக்கும். கேபிளை மறுபடி செருகினால், விண்டோஸ் அதே பழைய தொகுப்பை எடுத்து அதே கோளாறை மறுபடி நிறுவித் தரும். நீக்கி நீக்கி நிறுவியும் ஒன்றும் மாறாததன் காரணம் பெரும்பாலும் இதுதான்.

கட்டளைகளை அடித்து இயக்கும் ரன் பெட்டியில் பிரிண்ட்யூஐ என்று ஆங்கிலத்தில் அடித்து, இடைவெளி விட்டு சாய்கோடு எஸ், மறுபடி இடைவெளி விட்டு சாய்கோடு டி2 என்று சேர்த்தால் பிரிண்ட் சர்வர் பண்புகள் நேராக டிரைவர்ஸ் பக்கத்திலேயே திறக்கும். அங்கே நீக்கச் சொன்னால், டிரைவரை மட்டுமா அல்லது தொகுப்பையும் சேர்த்தா என்று கேட்கும். இரண்டாவதைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். நான் தேர்ந்தெடுத்தவுடன் "டிரைவர் பயன்பாட்டில் உள்ளது" என்று மறுத்துவிட்டது. அதைப் பயன்படுத்தும் நான்கு பெயர்களையும் முதலில் நீக்கினேன், அப்போதும் மறுத்தது. ஸ்பூலர் அந்தக் கோப்புகளைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தால் இப்படித்தான் ஆகும். ஸ்பூலரை நிறுத்திவிட்டு நீக்கலாம் என்றால், அது நின்றிருக்கும்போது இந்தப் பட்டியலே கிடைக்காது. ஆகவே பில்லிங் மென்பொருளை மூடி, ஸ்பூலரை நிறுத்தி உடனே இயக்கி, வேறெதுவும் டிரைவரைத் தொடுவதற்குள் நீக்கு பொத்தானை அழுத்துவதே வழி. இரண்டாம் முயற்சியில் போனது.

பிறகு நடந்ததில் சொல்லிக்கொள்ள அதிகமில்லை. கேபிளைக் கழற்றி வைத்துவிட்டு, தயாரிப்பாளர் தளத்திலிருந்து அந்த மாடலுக்குரிய 64 பிட் டிரைவரை இறக்கி, அது கேட்டபோது மட்டும் கேபிளைச் செருகினேன். மாடல் எண்ணை எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். முன்பொருமுறை "கிட்டத்தட்ட இதேதான்" என்று வேறு மாடலின் டிரைவரைப் போட்டு, பக்கத்துக்கு ஒரு வரி புரியாத குறியெழுத்துகளாக அரைக்கட்டுக் காகிதத்தை வீணாக்கிய அனுபவம் எனக்கு உண்டு.

மிச்சமிருந்தது, இதே பிரிண்டரை நெட்வொர்க் வழியாகப் பயன்படுத்தும், சரக்கு அனுப்பும் டிஸ்பாட்ச் பிரிவின் கணினி. அங்கே புதிய டிரைவர் இறங்காமல் நிர்வாகி கடவுச்சொல் கேட்டது. பிரிண்ட் நைட்மேர் என்று பெயர்பெற்ற ஸ்பூலர் பாதுகாப்பு ஓட்டை 2021 ஜூலையில் வெளிப்பட்ட பின், அவ்வாண்டு ஆகஸ்ட் அப்டேட்டிலிருந்து பகிர்ந்த பிரிண்டரின் டிரைவரை நிறுவுவதற்கு நிர்வாகி உரிமை வேண்டும் என்றாகிவிட்டது. விண்டோஸ் தன் அமைப்புகளை வைத்திருக்கும் பதிவேட்டில் (ரெஜிஸ்ட்ரி) ஒரு மதிப்பை மாற்றி இந்தக் கட்டுப்பாட்டைத் தளர்த்தலாம் என்று சொல்பவர்கள் உண்டு. இருபது அடி நடந்துபோய்க் கடவுச்சொல் அடிப்பதற்குச் சோம்பி, அடைத்த ஓட்டையைத் திறந்துவிட எனக்கு மனமில்லை. நடந்துபோய் அடித்தேன்.

திரும்பி வந்து, கேபிள் இருக்கும் துளையைச் சுற்றி வெள்ளை மார்க்கரால் ஒரு வட்டம் போட்டு, அலுவலகத்தைச் சுத்தம் செய்யும் அக்காவிடம் காட்டினேன். "இதத்தான் மொதல்லயே சொல்லியிருக்கலாமில்ல" என்றார்.